திரைக்கு வெளியே நிற்கும் கமரா

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள கண்ணகி அம்மன் கோயில்களில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். வைகாசியில் கதவு திறப்பார்கள்; கல்யாணக்கால் நடுவார்கள்; வழக்குரை படிப்பார்கள்; பூரணையை ஒட்டிக் குளிர்த்தி பாடி அம்மனின் சினத்தை ஆற்றியதும் கதவு மறுபடி சாத்தப்படும். அடுத்த வைகாசி வரை காத்திருக்க வேண்டியதுதான். படுவான்கரையில், மண்டூர்க் கந்தசுவாமி கோயிலில், இந்த மறைப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்கு உள்ளே நின்று ஓசையில்லாமல் பூசை செய்கிறார். திரை விலகுவதில்லை. இந்த முறைக்கு மூலமான கதிர்காமத்திலும் அப்படியே. ஆனையின் மேல் வீதிவலம் வருவது மூடிய பேழை. அதனுள் இருப்பதாகச் சொல்லப்படும் யந்திரத்தை அடியார் காண்பதில்லை. அவர்கள் கும்பிடுவது திரையை நோக்கித்தான். அந்தத் திரையிலோ மயிலோடும் தேவியர் இருவரோடும் முருகனின் உருவம் வரையப்பட்டிருக்கும். மறைப்பதற்காகவே தொங்கவிடப்பட்ட படம் அது. நான் சொல்ல வருவது முழுவதும் அந்த ஒரு படத்திலிருந்து பிறக்கிறது.

இப்படிப்பட்ட கோயில்களுக்கு இன்று கமராவோடு ஒரு புதுவகை அடியார் வருகிறார். கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கும் தொழிற்காரர் அல்லர். தொழிற்காரருக்கு வாடிக்கையாளர் உண்டு, கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவார். இவர் பகலில் பள்ளியிலோ வங்கியிலோ வேலை பார்த்துவிட்டு, மாலையில் ஆசைக்காகப் படம் எடுப்பவர். கல்லடிப் பாலத்து விளக்குகளை நீரில் இழைகளாக நீட்டிப் பார்ப்பார்; ஒரு தோணியின் மேல் இன்னொரு தோணியைப் பதித்துப் பார்ப்பார். தாங்கள் வாழும் நிலத்தையே வெயில் எழும் கரை, படும் கரை என்று ஒளியை வைத்துப் பிரித்த சனத்தின் பிள்ளைகளுக்கு இந்த ஆசை வந்ததில் வியப்பில்லை. சடங்கு நாளில் இவரும் வருகிறார். விடிவதற்குள் படங்கள் முகநூலில் ஏறிவிடுகின்றன. இது தகுமா என்று கேட்டால் படித்தவர்களிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: உள்ளதை உள்ளபடி எடுத்தால் குற்றமில்லை, சாமி காரியத்தில் வித்தை காட்டக் கூடாது. எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. தெய்வத்தின் முன் கூடுதல் துணிச்சலான காரியம், உள்ளபடி எடுத்ததாகச் சொல்லிக்கொள்ளும் படம்தான். வித்தை காட்டும் படம் தன் வித்தையை ஒளிக்காத வரைக்கும் அதற்குச் சடங்கின் ஓரத்தில் ஓர் இடம் உண்டு.

உள்ளபடி என்பதைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம். உடுக்குச் சத்தத்தில் வேப்பிலை ஏந்தித் தெய்வம் ஆடுகிற ஒருவரை 1/500 செக்கனில் எடுத்தால் படம் துல்லியமாக விழும். வாய் கோணி, விழி செருகி, கழுத்து நரம்பு புடைத்த ஒரு முகம் கிடைக்கும். அந்த முகத்தைச் சூழ நின்றவர்களில் ஒருவரும் காணவில்லை. அவர்கள் கண்டது ஓர் ஆட்டம், அதன் வேகம், அது ஏறி இறங்கிய விதம். படத்தில் இருப்பதோ எந்த மனிதக் கண்ணுக்கும் தனியாக அகப்படாத ஒரு துணுக்கு. 1878இல் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் ஓடும் குதிரையை வரிசைக் கமராக்களால் எடுத்தபோது, நான்கு குளம்பும் ஒருசேர நிலத்தை விட்டு எழும் கணம் முதன்முதலாக ஐயமறத் தெரிந்தது. உடற்கூற்றுக்கு அது பெரிய பேறு. ஆனால் சிற்பி ரொடான் அதே வகைப் படங்களைப் பார்த்துவிட்டு, காலம் எங்கும் நிற்பதில்லை, ஆகவே காலத்தை நிறுத்திக் காட்டும் படம்தான் பொய் சொல்கிறது என்று வாதிட்டார். குதிரை விடயத்தில் இருவரும் சரி என்று விட்டுவிடலாம். தெய்வம் ஆடுவதில் ரொடான் பக்கமே நியாயம் கூடுதல். குதிரையின் கால் எப்படி மடங்குகிறது என்பது அறிய வேண்டிய செய்தி. ஆடுபவரின் தசை எப்படிக் கோணுகிறது என்பதை அறிய எவரும் கோயிலுக்கு வருவதில்லை. அங்கே நடந்ததாக அவர்கள் நம்புவது தசையில் நடந்ததும் அல்ல.

அதே ஆட்டத்தை இரண்டு, மூன்று செக்கன் கமராவின் கதவைத் திறந்து வைத்து எடுத்தால் முகம் கரைந்துபோகும். தீச்சுடர் கோடாகும், வேப்பிலை பச்சைப் புகையாகும், அசையாமல் நின்ற தூண் மட்டும் தூணாகவே இருக்கும். பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும், இது ஒருவர் செய்த படம், நடந்ததன் முழுமை இதில் இல்லை என்று. இந்த ஒப்புதல்தான் எனக்கு முக்கியம். இலங்கையில் இந்த வழியில் முதலில் துணிந்து நடந்தவர்களில் ஒருவர் லயனல் வென்ட். 1900இல் கொழும்பில் பிறந்து 1944இல் மறைந்தவர். படித்தது சட்டம், வாசித்தது பியானோ, புகைப்படத்துக்கு வந்தது ஆசையால். கழுவும் நடுவில் படத்தின் மேல் மறுபடி ஒளியைப் பாய்ச்சி, வெளிச்சமும் இருளும் இடம் மாற, உருவங்களின் விளிம்பில் தனிக்கோடு விழச் செய்யும் சோலரைசேசன் முறையை அவர் விரும்பிக் கையாண்டார். இருட்டறையில் அவர் செய்த கலப்புப் படங்களை எவரும் நேரிற் கண்ட காட்சி என்று மயங்க மாட்டார்கள். கதிர்காமத் திரையும் இதைத்தான் செய்கிறது. வரைந்த முருகனைப் பார்த்து இவர்தான் உள்ளே இருப்பவர் என்று யாரும் எண்ணுவதில்லை. உள்ளே ஒன்று இருக்கிறது, அது இந்த ஓவியம் அன்று என்ற அறிவோடுதான் கை குவிகிறது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். அது வாவிக்கரையிலேயே, காத்தான்குடியின் மார்க்க அறிஞர்களுக்கும் நன்கு பழக்கமான வாதம். உயிருள்ளவற்றின் உருவத்தைச் சமைப்பது படைத்தவனோடு போட்டியிடுவதாகும் என்று கருதும் இஸ்லாமிய மரபு, புகைப்படம் வந்தபோது ஒரு கேள்வியை எதிர்கொண்டது: படம் எடுப்பவர் உருவத்தைச் சமைக்கிறாரா, விழுகிற நிழலைப் பிடித்து வைக்கிறாரா? எகிப்தின் முப்தியாக இருந்த முகம்மது பகீத் அல்முதீஈ, இது நிழலைத் தடுத்து நிறுத்துவதே, சமைப்பதன்று, ஆகவே ஆகும் என்று தீர்ப்புச் சொன்னார். ஏற்காதவர்களும் உண்டு. அந்த அளவுகோலை வைத்தால் நான் சொல்வது விபரீதம். நிழலைப் பிடிக்கும் படத்தைக் குறைசொல்லி, சமைக்கும் படத்துக்கு அல்லவா இடம் கேட்கிறேன்? ஆம், அதைத்தான் கேட்கிறேன். ஆனால் உருவத்தைச் சமைப்பதை வழிபாடாகவே கொண்ட ஒரு மரபுக்குள் நின்று கேட்கிறேன். கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1934இல் வந்த தமது நூலில் விளக்கியபடி, இந்தியச் சிற்பி எதிரே ஓர் ஆளை நிறுத்திப் பார்த்துச் செதுக்குபவர் அல்லர். தியானத்தில் உருவத்தை முதலில் உள்ளே கண்டு, பிறகு கல்லுக்கு வருபவர். சமைத்தது என்று எல்லோரும் அறிந்த உருவத்தில் தெய்வம் எழுந்தருளச் சம்மதிக்கிறது என்பதே நம்பிக்கை. குமாரசுவாமியை என் பக்கச் சாட்சியாக முழுவதும் இழுக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அல்பிரட் ஸ்டீக்லிட்ஸின் புகைப்படங்கள் 1924இல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குள் வரக் காரணமாக இருந்தவர் அவர். அதே அவர்தான் கலைஞனின் பெயரும் சுயவெளிப்பாடும் பெரிதாகிப்போனதை வாழ்நாள் முழுக்கச் சாடியவர். படத்தின் மூலையில் பளபளக்கும் பெயர்முத்திரையோடு அம்மன் சடங்கை வெளியிடும் இளைஞரை அவர் மன்னித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் தீவின் மரபுகளில் பார்ப்பது விலையில்லாத செயலாக இருந்ததில்லை. குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் நேத்திர மங்கலச் சடங்கு பேசப்படுகிறது. புத்தர் சிலைக்குக் கண் எழுதும் சித்திரக்காரர் அந்தக் கண்ணை நேரே நோக்காமல் கண்ணாடியில் பார்த்து எழுதுவார். முடிந்ததும் அவருடைய முதற்பார்வை எந்த உயிர்மேலும் பட்டுவிடாதபடி காத்து, அது ஒரு பொருளின் மேல் விழச் செய்து, அந்தப் பொருளை வெட்டுவிப்பார்கள். சைவக் கோயில்களிலும் சிலைக்குக் கண் திறப்பது கடைசியில், உரிய விதியோடுதான். பார்வைக்கு இருபுறமும் உண்டு, நாம் பார்க்கும்போது நாமும் பார்க்கப்படுகிறோம் என்ற எண்ணம்தான் தரிசனத்தின் அடிப்படை. காரைதீவில் பிறந்து கல்லடியில் அடக்கமான விபுலாநந்த அடிகள், ஈசன் விரும்பும் மலர் எது என்று கேட்டுப் பாடியபோது, உள்ளத்தோடும் குவித்த கையோடும் கண்ணையும் ஒரு மலராக வைத்தார். கண் அங்கே எடுக்கும் உறுப்பன்று, கொடுக்கப்படுவது. கமரா இந்த ஒழுங்கை ஓர் இடத்தில் முறிக்கிறது: அது பார்க்கும், பார்வைக்கு ஆளாகாது. கைபேசித் திரையில் அம்மனைக் காண்பவர் அவள் பார்வைக்கு எட்டாத தூரத்தில், தேநீர் குடித்தபடி இருக்கலாம்.

வீட்டுச் சாமியறையில் என்ன தொங்குகிறது என்று கேட்பீர்கள். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய காலத்திலிருந்து லட்சுமியும் சரஸ்வதியும் தாளில்தான் வீடு வருகிறார்கள், யாரும் குறைப்பட்டதில்லை. உண்மை. ஆனால் அந்தத் தாளுக்கு விளக்கு உண்டு, பூ உண்டு, துடக்கு நாளில் ஒதுங்கும் ஒழுக்கம் உண்டு. கவனித்துக்கொள்ள ஒருவர் இருப்பதால்தான் அது படத்திலிருந்து உயர்கிறது. சாமியறையை விடுங்கள், காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை நெஞ்சோடு பிடித்து வீதியில் நிற்கும் தாயை இந்த மாவட்டம் ஆண்டாண்டாகப் பார்த்து வருகிறது. அந்தப் படத்துக்குக் கனம் தருவது அதைப் பிடித்திருக்கும் கை. இணையத்தில் ஏறும் சடங்குப் படத்துக்கு அப்படி ஒரு கை இல்லை. அது ஒரு விளம்பரத்துக்கும் ஒரு கிரிக்கெட் சிரிப்புத் துணுக்குக்கும் நடுவே வந்து, விரலால் தள்ளப்பட்டுப் போகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு புலம்பெயர்ந்தவர்களிடமிருந்து வருகிறது. சுவிஸிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர், போரினால் ஊரைவிட்டுப் போனவர், வைகாசியில் ஊர்ச் சடங்கைக் காண வேறு வழி என்ன? இந்தக் கேள்விக்கு முன்னால் திரையின் தத்துவம் பேசுவது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஊரில் நிற்பவருக்கே காட்டப்படாததை வெளிநாட்டிலிருப்பவர் கேட்பதில்லை. பந்தல், ஆலமரம், பொங்கற்பானை வரிசை, யார் யார் வந்திருக்கிறார்கள் என்ற விபரம், இவற்றோடு குளிர்த்திப் பாட்டின் ஒலி: அவர் தேடுவது இவைதான், இவை எதற்கும் திரையை விலக்க வேண்டியதில்லை. ஒலிக்கு ஒரு நல்ல குணமும் இருக்கிறது, பாட்டு முடியும்வரை கூடவே இருந்தாக வேண்டும்.

ஆவணப்படுத்துவோர் இன்னொரு பக்கத்திலிருந்து கேட்பார்கள். சடங்குகள் மாறிக்கொண்டிருக்கின்றன, சில கோயில்கள் ஆகமவழிப் பூசைக்கு மாறிவிட்டன, இன்று பதியாவிட்டால் நாளை எதுவும் மிஞ்சாது. மட்டக்களப்புத் தமிழகத்தை எழுதிய வி. சீ. கந்தையா கண்ணகி வழக்குரையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவரவில்லையா, அதற்குப் பிறகும் கோயிலில் அதே வழக்குரை படிக்கப்படவில்லையா? இது நல்ல வாதம், பாதிவரை நான் ஒப்புக்கொள்கிறேன். பதிவதை நான் எதிர்க்கவில்லை, துல்லியமாகவே பதியட்டும். நம் மரபே பத்ததிகளில் சடங்கை எழுதி வைத்திருக்கிறது; ஆனால் பத்ததி கைக்குக் கை, தகுதி பார்த்துப் போனது. எழுதி வைப்பதும் எல்லார் முன்னும் விரிப்பதும் ஒன்றென்று அந்த மரபு எண்ணவில்லை. அச்சு நூலும்கூட வாங்கித் திறப்பவருக்குத்தான் திறக்கிறது. வைகாசியில் மட்டும் திறக்கும் கோயிலை ஐப்பசியில், கேட்காதவர் கைக்குள்ளும் திறந்துவிடுவது வேறு காரியம். துல்லியப் படம் பேழைக்குள் இருக்கட்டும். வெளியே போவது கலங்கிய படமாக இருக்கட்டும் என்பதுதான் என் கணக்கு. கலைக்காரர் இதனால் இழப்பது ஒன்றுமில்லை, அவருடைய சோதனைகளுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

மிஞ்சுவது தெய்வம் ஆடியவரின் முகம். நம்புகிறவரின் கணக்கில் அந்த வேளை அது அவருடைய முகமே அன்று, அம்மனுடையது. அவளிடம் அனுமதி பெறாமல் எடுத்தது. நம்பாதவரின் கணக்கில் அவர் தன்னிலை இழந்திருந்தவர். அனுமதி தரக்கூடிய நிலையில் இல்லாதவரை எடுத்தது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் கமராக்காரர் கையில் உத்தரவு இல்லை. சேதமோ திங்கட்கிழமை கந்தோரில் அந்த மனிதருக்கு நேர்கிறது, முந்தாநாள் இரவின் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வருபவர்கள் முன்னால். கைபேசிக்குத் தடை என்று கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர் பலகை எழுதிப் போட்டால் தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை; பலகை மூத்த தலைமுறையை மட்டுமே தடுக்கும். ஆடியவரிடம் மறுநாள் படத்தைக் காட்டிக் கேட்கலாம், அவர் பங்குக்கு அவர் சொல்லட்டும். அம்மன் பங்குக்கு யாரிடம் கேட்பது என்றால் அதற்கும் இங்கே வழி இருக்கிறது. தீராத நோய்க்கும் களவுபோன மாட்டுக்கும் சடங்கின் நடுவில் வாக்குக் கேட்கிற ஊர் இது; இந்தப் படத்தைப் போடலாமா என்று ஒருவர் போய் நின்றால் யாரும் மறிக்கப்போவதில்லை.