கொல்லுமுன் பார்க்க வேண்டாமா?

பயிரைக் காக்கப் பூச்சியைக் கொல்வது ஆகுமான காரியமே, அதில் பேச்சில்லை. எந்தப் பூச்சியை என்பதே கேள்வி.

நாவாய்ப்பூச்சிகளில் மிரிட் என்றொரு குடும்பம். அதில் பிறந்த தேயிலைக் கொசு இளந்தளிரை உறிஞ்சிக் கருக்கிவிடும். அதன் உறவான பச்சை மிரிடோ, நெல்லின் இலையுறைக்குள் புகையான் இடும் முட்டைகளைத் தேடிக் குடிக்கிறது. வம்சம் ஒன்று, அமல் வேறு.

மருந்துக்கு இது தெரியாது. தெளித்தால் மிரிடும் சிலந்தியும் மடியும். உள்ளிருக்கும் முட்டை தப்பும். பிறகு பொரித்து வருவதைத் தடுக்க வயலில் ஆளில்லை. இப்படி அடிபட்ட இந்தோனேஷியா, 1986-ல் நெல்லுக்கு 57 வகை மருந்துகளைத் தடுத்தது.

எறும்பொன்று கடித்ததற்காகப் புற்றையே எரிக்கச் செய்த முற்கால நபி ஒருவர், ஒன்றின் குற்றத்துக்கு ஒரு கூட்டமா எனக் கேட்கப்பட்டதாகப் புகாரியில் வருகிறது.

வயலில் பிரித்தறிய முடியுமா என்பீர்கள். தூரைச் சாய்த்துத் தட்டுங்கள், தண்ணீரில் விழும். தவிட்டு நிறம் புகையான். பச்சையும் கறுப்புமாய், மீசை நீண்டு மெலிந்திருப்பது மிரிட்.