நோவுக்கு எந்த இலக்கம்?

“எப்பிடி அம்மா இருக்கிறீங்கள்?”

“பரவாயில்லை மிஸ்.”

இந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குப் பூவரசங்குளத்திலிருந்து புற்றுநோயாளர் ஒருவர் வரும் தூரம் கொஞ்சமல்ல. மன்னார் வீதியால் வவுனியாவுக்கு வந்து, ஏ-9 வழியே வடக்கே தெல்லிப்பழைக்குப் போக வேண்டும். அல்லது தெற்கே 250 கிலோமீற்றருக்கு மேல் ஓடி மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையே, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தவர்கள் திரட்டிய காசில் எழுந்ததுதான். இவ்வளவு வழி கடந்து வந்தவர் கிளினிக் வரிசையில் வாய் திறப்பதில்லை. கேட்பவருக்கு அவசரம், சொல்பவருக்குக் கூச்சம். மிச்சமெல்லாம் வீட்டுக்கு வந்தபின் கிணற்றடியில்தான் வெளிவரும்: ஓங்காளம், சத்தி, வாய்ப்புண், கால் விறைப்பு, விடியுமட்டும் உளைவு.

அந்தக் கிணற்றடிப் பேச்சு வைத்தியசாலையின் காதில் விழுந்தால் என்ன நடக்கும்? நியூயோர்க்கில் ஈதன் பாஷ் என்ற புற்றுநோய் மருத்துவர் அதைத்தான் சோதித்தார். உடலில் பரவிய புற்றுநோய்க்குக் கீமோ பெற்ற 766 பேரில் ஒரு பகுதியினர், வழக்கமாகக் காணப்படும் 12 அறிகுறிகளைத் தாங்களே கணினி வினாக்கொத்தில் பதிந்தார்கள். ஓர் அறிகுறி முந்தியதைவிட இரண்டு படி கூடினாலோ, கடுமை என்ற படியைத் தொட்டாலோ, செய்தி தாதிக்குப் போகும். அப்படிப் போனவற்றில் 77 சதவீதத்துக்குத் தாதிமார் உடனே ஏதாவது செய்தார்கள்: மருந்தை மாற்றினார்கள், ஆலோசனை சொன்னார்கள், வரச்சொன்னார்கள். 2017இல் முடிவு வெளியானது. பதிந்தவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களுக்கு 26. புது மருந்து எதுவும் இல்லை. கேட்டதும், கேட்டதற்குப் பதில் செய்ததும்தான்.

பிறர் நோவை நாம் எப்படி அறிகிறோம்? கேள்வி மருத்துவத்தைவிடப் பழசு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அறியும் வழிகளைக் காட்சி, அனுமானம், உரை என்று வகுத்தார். காட்சியை நாலாகப் பிரித்தபோது ஒன்றுக்குத் ‘தன்வேதனைக் காட்சி’ என்று பெயர். ஒருவர் தனக்குள் அனுபவிக்கும் இன்பமும் துன்பமும் அதில் அடங்கும். கண்ணால் மரத்தைக் காண்பது எப்படிக் காட்சியோ, அப்படியே இதுவும் காட்சி. ஊகமல்ல. அந்தக் கணக்கில் பார்த்தால் ஸ்கான் படத்தை வைத்து நோவை மதிப்பிடும் வைத்தியர்தான் அனுமானத்தில் நிற்கிறார். நேரே கண்டவர் கட்டிலில் கிடக்கிறார். சித்தாந்தி ‘உரை’ என்றபோது நினைத்தது இறைவன் அருளிய ஆகமத்தை, கிளினிக் வாங்கில் இருக்கும் அம்மாவின் பேச்சை அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் அந்த அம்மாவின் நோவைப் பொறுத்தவரை அவரைவிட நம்பத்தக்க வாய் எது?

அந்த வாயைத் திறக்கவிடாமல் வைத்திருப்பது கூச்சம் மட்டுமல்ல, பக்தியும்தான். எல்லாம் செய்த வினை, பொறுத்தால் தீரும் என்ற எண்ணம். இதற்குச் சைவத்திலேயே மறுப்பு இருக்கிறது. சேக்கிழார் காட்டும் தருமசேனர் சூலைநோய் வந்தபோது பொறுமை காட்டவில்லை. சமண முனிவர்களின் மந்திரம் பலிக்காமல் போக, தன் சமையற்காரனைத் தமக்கை திலகவதியாரிடம் அனுப்பினார். தமக்கை சமண மடத்துக்கு வர மறுத்ததும், இரவோடிரவாகத் தானே திருவதிகைக்குப் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் அப்பர் ஆனவர் முதலில் செய்தது, நோவை ஆள் அனுப்பிச் சொன்னதுதான். சொல்லியதால் பக்தி குறைந்ததாக யாரும் எழுதிவைக்கவில்லை.

வாய் திறந்தாலும், நோவுக்கு இலக்கம் கொடுப்பதில் வன்னிக்கென்று ஒரு சிக்கல். பூச்சியம் என்றால் நோவில்லை, பத்து என்றால் நினைக்கக்கூடிய ஆகக் கொடிய நோவு என்று பல வைத்தியசாலைகளில் கேட்பார்கள். 2009இல் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலைக் கடந்து மெனிக் பாம் முகாமுக்கு வந்த ஒருவருக்கு அந்தப் பத்தாவது இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. புற்றுநோய்க்கு அவர் நாலு என்பார். அவருடைய நாலை இன்னொருவரின் நாலோடு ஒப்பிட்டால் பிழை. அவருடைய போன கிழமை நாலோடு இந்தக் கிழமை ஆறை ஒப்பிட்டால் அது சேதி. பாஷின் ஏற்பாடு ‘இரண்டு படி கூடினால்’ என்று வைத்ததன் அருமை இங்கேதான்.

அடுத்த தடை போன். வீட்டில் ஸ்மார்ட் போன் பேரனின் கையில் இருந்தால், மலச்சிக்கலையும் இரத்தப்போக்கையும் ஆச்சி அவனை வைத்தா பதிவார்? யூட்டா பல்கலைக்கழகத்தில் கேதி மூனி என்ற தாதியியல் ஆய்வாளர் எளிய வழி ஒன்றைச் சோதித்தார். நோயாளி வீட்டுத் தொலைபேசியில் தானியங்கிக் குரலிடம் தினமும் பதில் சொல்வார். அறிகுறி கடுமையானால் தாதி திரும்ப அழைப்பார். சாதாரண போனே இதற்குப் போதும். திரும்ப அழைக்கும் அந்தத் தாதிக்கு நேரமும் அதிகாரமும் ஒதுக்காத இடத்தில் மட்டும் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. பதில் வராத கேள்வியை இரண்டு கிழமைக்குமேல் யாரும் மதிக்கமாட்டார்கள்.

குரல் என்ன தமிழில் கேட்கும் என்பதும் இருக்கிறது. “குமட்டல் உணர்வு உள்ளதா?” என்றால் ஆச்சிக்கு அது ரேடியோச் செய்தி. “ஓங்காளிக்குதோ?” என்றால் ஓம் என்பார். வினாக்கொத்தின் ‘வலி’ என்ற ஒரே கட்டத்துக்கு இங்கே குத்து, கடுப்பு, உளைவு, எரிவு என்று நாலு சொல். ஆச்சி “எரியுது” என்றால் அது நரம்பு நோவாகவும் இருக்கலாம். அதற்குக் கொடுக்கும் மருந்தே வேறு.