மணல் குவியல்களும் மாடிக் குடியிருப்புகளும்

திருவனந்தபுரம் கரமனையில் வசிக்கும் அன்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு கேள்வியுடன் வந்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். முன்னோர் விட்டுச்சென்ற அக்கிரகாரத்து வீட்டில் மனைவியுடன் வாழ்பவர். மகன் பெங்களூரில் பணிபுரிகிறார்.

“சுவாமிஜி, எங்கள் தெருவில் நான்கு குடும்பத்தினர் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு வாங்கிவிட்டார்கள். விலை 60 லட்சம். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் 15 லட்சம் என்னிடம் இருக்கிறது. மீதி 45 லட்சத்தை வங்கியில் கடனாக வாங்கலாம் என்கிறான் மகன். இத்தனை பேர் வாங்கும்போது நாங்கள் மட்டும் சும்மா இருப்பது அறிவீனம் அல்லவா?”

“அந்த வீட்டில் யார் குடியிருக்கப் போகிறீர்கள்?” என்று கேட்டோம்.

“யாரும் இல்லை. விலை ஏறியதும் விற்றுவிடுவதாக எண்ணம்” என்றார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பணத்தைப் பற்றிய கேள்வி. ஆனால் இதனுள் இரண்டு ஆழமான கேள்விகள் அடங்கியிருக்கின்றன. பலர் செய்வதாலேயே ஒரு செயல் சரி என்று ஆகிவிடுமா? பலரோடு சேர்ந்து செய்வதால் நமது பொறுப்பு குறைந்துவிடுமா?

ஆற்றங்கரையில் நிகழ்ந்தது

பிறர் போன வழியே கண்ணை மூடிக்கொண்டு போவதை நம் முன்னோர் ‘கதானுகதிக நியாயம்’ என்றனர். அதை விளக்க ஒரு பழங்கதை உண்டு. புண்ணிய நதியில் நீராட வந்த அந்தணர் ஒருவர் தமது செம்புப் பாத்திரத்தைக் கரையில் புதைத்து, அடையாளத்திற்காக அதன்மேல் மணலைக் குவித்துவிட்டு நீரில் இறங்கினார். பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்தனர். நீராடுமுன் மணலைக் குவிப்பது இத்தலத்தின் விதி போலும் என்று எண்ணி ஆளுக்கொரு குவியல் எழுப்பினர். அந்தணர் கரையேறியபோது கரை முழுவதும் குவியல்கள்! தம் பாத்திரம் எதனடியில் இருக்கிறது என்று அவராலேயே கண்டறிய முடியவில்லை.

இக்கதையில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் பிறருடைய செயலை அறிவென்று கொண்டனர். காரணத்தை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நூறு குவியல்கள் எழுந்த பிறகும் அக்கரையில் இருந்த அறிவு முதல் மனிதருடையது மட்டுமே.

யார் சொல் பிரமாணம்?

‘எல்லாவற்றையும் நாமே ஆராய்ந்து பார்க்க இயலுமா? பிறர் சொல்லை நம்பித்தானே உலகம் நடக்கிறது?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நியாய தரிசனம் காட்சி, அனுமானம், உவமானம் ஆகியவற்றோடு ஆப்தரின் சொல்லையும் பிரமாணமாக ஏற்கிறது. ஆனால் ஆப்தர் என்பதற்கு இரண்டு இலக்கணங்களை அது வைத்திருக்கிறது. பொருளை அவர் நேரடியாக அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் விருப்பமும் அவருக்கு இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை வீட்டுச் சந்தைக்குப் பொருத்திப் பாருங்கள். விற்பனை முகவர் கட்டடத்தைப் பற்றி அறிந்தவர்; ஆனால் வாங்க வைப்பதே அவர் தொழில். பக்கத்து வீட்டு நண்பர் நம் நலம் நாடுபவர். ஆனால் அவரும் யாரிடமோ கேட்டவர்தான். முன்னவரிடம் ஓர் இலக்கணம் குறைகிறது, பின்னவரிடம் மற்றொன்று. கூட்டமோ ஆப்தர் அல்லவே அல்ல. ஏனெனில் ஒருவர் மற்றவரைப் பார்க்கிறாரே அன்றி யாரும் பொருளைப் பார்ப்பதில்லை.

கரமனைக்கு வடக்கே கொச்சியை ஒட்டிய மரடு பகுதியில் நடந்ததை நாம் அறிவோம். காயலோரத்தில் எழுந்த நான்கு அடுக்குமாடி வளாகங்களுக்கு உள்ளாட்சி அனுமதி தந்திருந்தது. வங்கிகள் கடன் தந்தன. பெயர் பெற்றவர்கள் சிலரும் அங்கே வீடு வாங்கினர். இவற்றுக்குப் பின்னும் ஒருவர் ஐயுறுவாரா? ஆனால் அவை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை மீறிக் கட்டப்பட்டவை என்று கண்ட உச்ச நீதிமன்றம், 2019 மே மாதம் அவற்றை அகற்ற ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. இடைக்கால இழப்பீடாகக் குடியிருப்பு ஒன்றுக்கு 25 லட்சம் ரூபாய் வரை வழங்க நீதிமன்றம் வழி செய்தது. வாழ்நாள் சேமிப்பை இட்டு அங்கே குடிவந்தவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பிறர் கொண்ட நம்பிக்கை எத்தனை அடுக்காக அமைந்தாலும் அது அஸ்திவாரம் ஆகாது என்பதே நாம் பெற வேண்டிய பாடம்.

பெரிய நாடுகளும் இதற்கு விலக்கல்ல. வீட்டு விலை இறங்கவே இறங்காது என்று அமெரிக்கர் பலர் நம்பினர். 2006-க்குப் பின் விலை இறங்கியது. 2008-இல் அதன் அதிர்ச்சி உலகம் முழுவதும் பரவியது. ஜப்பானில் 1990-களின் தொடக்கத்தில் சரியத் தொடங்கிய நில விலை பல ஆண்டுகள் எழவே இல்லை.

கடன் பங்கிடப்படுவதில்லை

அன்பரோடு அமர்ந்து ஒரு கணக்குப் போட்டோம். 45 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 40,500 ரூபாய். மொத்தம் செலுத்துவது ஏறக்குறைய 97 லட்சம். வீட்டின் விலையில் ஆண்டுக்கு இரண்டரை சதவீதம் வாடகை வந்தால் மாதம் 12,500 ரூபாய். மீதி 28,000 ரூபாயை மகன் தன் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் தர வேண்டும். விலை ஏறாவிட்டாலும், மகனின் வேலை போனாலும் தவணை நிற்காது. அன்றைக்கு அந்த நான்கு குடும்பத்தினரில் யார் வந்து ஒரு தவணை கட்டுவார்கள்? முடிவெடுக்கும்போது கூட்டம் உடன் இருக்கிறது. விளைவை அனுபவிக்கும்போது மனிதன் தனியாகவே இருக்கிறான். கர்ம நியதி நமக்குச் சொல்வதும் இதையே.

நம்மைக் கூட்டத்தின் பின்னே இழுப்பது ஆசை மட்டுமன்று. பிறர் முன்னேற நாம் பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சம் அதைவிட வலியது. ஆசையை நாம் எளிதில் அடையாளம் காண்கிறோம். அச்சமோ ‘குடும்பத்தின் எதிர்காலம்’ என்ற நல்ல பெயரோடு வருவதால் அதைக் கடமை என்றே எண்ணிவிடுகிறோம்.

நாமும் ஒரு குவியல்

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கதையில் மணல் குவித்த ஒவ்வொருவரும் ஏமாந்தவர் மட்டுமல்லர். பின்னால் வந்தவருக்குச் சான்றாகவும் ஆனவர். ஆராயாமல் நாம் ஒரு வீடு வாங்கினால், ‘அவரே வாங்கிவிட்டார்’ என்று நம்மைக் காட்டி இன்னொருவர் வாங்குவார். ஓய்வு பெற்றவர், படித்தவர், நிதானமானவர் என்று ஊரில் பெயர் எடுத்தவருக்கு இப்பொறுப்பு இன்னும் அதிகம். அவருடைய நற்பெயரே அடுத்தவரின் ஆபத்துக்கு வாயிலாகலாம்.

குடியிருக்கும் நோக்கமின்றி வாங்கப்படும் வீடு மற்றொருவரையும் தொடுகிறது. 2011 கணக்கெடுப்பின்போது நம் நாட்டு நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. மறுஆண்டே அரசின் வல்லுநர் குழு ஒன்று, நகரங்களில் ஏறத்தாழ 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. பூட்டிய கதவுகளும் வீடற்ற குடும்பங்களும் ஒரே நகரத்தில்! பதஞ்சலி முனிவர் அபரிக்கிரகத்தை யமங்களுள் ஒன்றாக வைத்தார். தேவைக்கு மேல் சேர்க்காமை என்பது துறவிக்கு மட்டும் உரிய விரதமன்று என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன.

இதனால் வீடு வாங்குவதே தவறென்று பொருளில்லை. இல்லறத்தாருக்கு வீடு தேவை. முதலீடும் அறவழியில் செய்யத்தக்கதே. ஆனால் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி அத்திட்டம் பதிவு செய்யப்பட்டுள்ளதா என்று பாருங்கள். வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க அச்சட்டம் கட்டளையிடுகிறது. கடைசியாக உங்களையே கேளுங்கள்: ‘என் தெருவில் வேறு யாருமே வாங்காதிருந்தாலும் நான் இதை வாங்குவேனா?’

அந்த அன்பர் சில வாரங்கள் கழித்து மீண்டும் வந்தார். நான்கு குடும்பத்தினரையும் தனித்தனியே சந்தித்துக் காரணம் கேட்டாராம். மூவர் தமக்கு முன் வாங்கியவரைக் காட்டினர். முதலில் வாங்கியவர் சொன்னார்: “என் மகளுக்கு அந்த இடத்திற்கு அருகில்தான் வேலை. அவள் குடியிருக்க வாங்கினேன். விலை ஏறுமா என்று நான் யோசிக்கவே இல்லையே!”

அன்பர் சிரித்தார். “பாத்திரம் வைத்தவர் அவர் ஒருவர்தான், சுவாமிஜி” என்றார். கடன் வாங்கும் எண்ணத்தைத் தந்தையும் மகனும் கைவிட்டுவிட்டார்கள். யாராவது வந்து கேட்டால், தாம் வாங்காததன் காரணத்தையும் அந்தக் கணக்கையும் எடுத்துச் சொல்வதாகக் கூறிவிட்டு அவர் விடைபெற்றார்.