பட்டறைக்கு வந்த வகுப்பறை

அமெரிக்காவின் எம்ஐடி தன் வகுப்புப் பாடங்களை இணையத்தில் இலவசமாக வைக்கப்போவதாக 2001இல் அறிவித்தது. மறு ஆண்டே யுனெஸ்கோ கூட்டமொன்றில் 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயர் பிறந்தது. நம் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003இல் என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டத்தைத் தொடங்கின. வெல்டிங் முதல் கணக்கியல் வரை அதில் பாடம் உண்டு. பார்க்கக் காசில்லை, சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். பலர் அந்தச் சான்றிதழுக்காகவே எட்டிப்பார்க்கிறார்கள் என்பது வேறு கதை.

இலவசத்தைவிடப் பெரிய சலுகை உரிமத்தில் இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் பலவும், மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டுப் பாடத்தைச் சுருக்கவும் மாற்றவும் மொழிபெயர்க்கவும் விடுகின்றன. (வணிகப் பயன்பாட்டுக்குச் சில உரிமங்கள் தடை போடும்; படித்துவிட்டுத் தொடுங்கள்.) ஒரு மணி நேர விரிவுரையில் பட்டறைக்கு வேண்டியது பத்து நிமிடம்தான் என்றால், அதை மட்டும் எடுத்து, நம் இயந்திரத்தின் படத்தைச் சேர்த்து, தமிழில் விளக்கி, ஷிஃப்ட் தொடங்கும் முன் காட்டலாம். விவரம் தெரிந்த ஒரு சூப்பர்வைசரும் வாரத்தில் கொஞ்ச நேரமும் போதும். அந்த நேரத்தைச் சம்பளத்தோடு கொடுக்கத்தான் பல முதலாளிகளுக்கு மனசு வருவதில்லை. வீட்டில் போய்ப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிடுகிறார்கள்.