தைப்பவரும் ஆற்றுபவரும்

காயம் ஆறுவது மருத்துவரின் செயலா, அவரைக் கடந்த ஓர் ஆற்றலின் செயலா என்னும் வினாவுக்கு, 16ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே, கட்டுப்போடுவது மட்டுமே தம் பணி, ஆற்றுபவர் இறைவனே என்னும் கருத்தில் விடையளித்தார். இதை வெறும் பணிவுரையாகக் கொள்வது பிழையாகும். தையல் விளிம்புகளைச் சேர்த்துப் பிடிக்கிறதேயன்றிப் பிணைப்பதில்லை. பிணைப்பவை, திசுவுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனை உருவாக்கும் செல்களே. இழையை மிக இறுக்கினால் இரத்தவோட்டம் தடைபட்டு விளிம்புத் திசு மடியும். மண் படிந்த காயத்தை அவசரமாக மூடினால் கிருமிகள் உள்ளே பெருகும் என்பதால், அதைக் கழுவி, இறந்த திசுவை நீக்கி, சில நாள் திறந்தே வைத்துப் பின்னர்த் தைக்கும் தாமத மூடல் என்னும் முறையும் உண்டு. ஆற்றும் வலிமை மருத்துவரிடம் இல்லை என்பதை இம்முறைகள் ஒப்புக்கொள்கின்றன. ஆயினும் பாரேயின் விடை கை கழுவாத மருத்துவருக்குப் புகலிடமாகாது, ஏனெனில் அவரது அலட்சியத்தால் சீழ்பிடித்த காயத்துக்கு இறைவனைப் பொறுப்பாக்க இயலாது.