விரால் விடும் மூச்சு

நெடுநேரம் துன்பத்தைத் தாங்கவல்ல உயிருக்குத் துன்பம் குறைவு என்று எண்ணுவது முறையாகுமா? நம் ஏரிகளில் வாழும் விரால் மீனை முன்வைத்து இவ்வினாவைச் சிந்திப்போம்.

மீன் செவுளால் சுவாசிக்கும் என்று பள்ளியில் படிக்கிறோம். விராலுக்கு அது போதாது. செவுள்களுக்கு மேலே, தலைக்குள், காற்றை வாங்கும் அறை அதற்கு உண்டு. அவ்வப்போது நீர்மட்டத்திற்கு வந்து வாயால் காற்றை விழுங்கிச் செல்லும். மேலே வரவொட்டாமல் தடுத்துவிட்டால், வளர்ந்த விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்து இறக்கும். மீன் நீரில் மூழ்கிச் சாகும் என்றால் பலர் நகைப்பர். ஆயினும் உண்மை அதுவே.

பனையேறிக் கெண்டையும் இவ்வாறு காற்றை நாடுவதுதான். தரங்கம்பாடியில் அம்மீனைப் பனைமரத்தின்மேல் கண்டதாகத் தால்டார்ஃப் என்பவர் எழுதியதை, 1797இல் இலண்டன் லின்னேயன் சங்கம் வெளியிட்டது. தானே ஏறிற்றோ, பறவை கொண்டுபோய் வைத்ததோ என்று அறிஞர் வாதிட்டனர். (பனையேறி என்று பெயரிட்ட நம் முன்னோர் எவரிடமும் சான்று கேட்கவில்லை!)

ஏரி வற்றும் கோடையில் விரால் சேற்றுக்குள் புதைந்து, உடலின் ஈரம் காயாதவரை மழைக்குக் காத்திருக்கும். வறட்சியை வெல்ல அமைந்த இவ்வாற்றலே மனிதர் கைப்பட்டதும் அதற்குப் பகையாகிறது. பிற மீன்கள் கரையேறியபின் விரைவில் அடங்கிவிடும். விராலோ, சந்தையில் சிறிதளவே நீருள்ள பாத்திரத்தில் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உயிரோடு இருப்பதால் விலையும் கூடுதல். "இது இலேசில் சாகாது" என்று பெருமையாகச் சொல்வர். சாகவில்லை என்பதும் வருந்தவில்லை என்பதும் ஒன்றா? வாய்திறவாது உழைக்கும் பெண்களைப் பற்றியும் இப்படித்தான் பேசக் கேட்டிருக்கிறோம்.

மீன் பிடிப்போரைப் பழிப்பது புலால் உண்ணாத நமக்கு எளிது. ஆனால் நம்முள் பலர் நிலமும் நெல்லும் உடையவர்கள். இல்லறத்தார்க்கு உழவில் நேரும் கொலை, எண்ணிச் செய்யும் கொலைக்குச் சமமன்று என நம் அறநூல்கள் வகுத்திருப்பது உண்மை. அவ்விலக்கு எவ்வளவு தூரம் செல்லும்? ஏர்முனையில் காணாமல் மாயும் புழுவுக்கு அது பொருந்தும். கோடையில் பொக்லைன் கொண்டு ஏரியைத் தூர்வாருகையில், சேற்றில் விரால் இருப்பதை அறிந்தும், வண்டல் வயலுக்கு வேண்டுமென்று பேசாதிருந்தால், அதனையும் அக்கணக்கில் எழுதிக்கொள்ளலாமா? எழுத எமக்கு மனம் ஒப்பவில்லை.

தூர்வாருதல் கூடாது என்பதன்று. ஏரி மேடிட்டுப்போனால் விராலுக்கே இடமில்லை. நீர் வடிகட்டிய துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, எடுத்த நீர்நிலையிலேயே திரும்ப விடுவது நம் வழக்கம். கண்ணுக்குத் தெரியாதவற்றின்மேல் அவ்வளவு பரிவுடையோர், முழங்கை நீள மீனுக்காக ஒரு சொல் சொல்லலாகாதா? மதகருகே உள்ள ஆழமான மடுவைத் தொடாமல் விட்டுவைக்கவும், தோண்டுகையில் வெளிப்படும் மீன்களை அதில் விடவும், வேலை தொடங்குமுன்பே ஊர்க் கூட்டத்தில் கேட்கலாம். மழைக்காலத்தில், செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மிதக்க, பெற்ற விரால்கள் அருகிருந்து காக்கும். அப்பக்கம் தூண்டில் வேண்டாமென்று மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் சொல்லிப் பார்க்கலாம். அவருக்கும் அதில் நட்டமில்லை. காப்பவை போய்விட்டால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும் என்பதை அவர் நம்மினும் நன்கறிவார்.