நால்வரில் இருவர்

நம் செய்தித்தாள்களில் 'கலப்பு' என்ற சொல் அதிகம் வருவது இரண்டு இடங்களில். ஒன்று கலப்படம்: பாலில், மிளகாய்த்தூளில், நல்லெண்ணெயில். மற்றொன்று கலப்புத் திருமணம். அந்தச் செய்தி பெரும்பாலும் காவல் நிலையத்தில் தஞ்சம் என்றோ, அதைவிட மோசமாகவோ முடியும். இரண்டிலும் சொல்லுக்குள் ஒரு அருவருப்பு ஒளிந்திருக்கிறது. தூய்மையாக இருந்த ஏதோ ஒன்று கெட்டுவிட்டது என்ற தொனி. சில ஆண்டுகளாக விளையாட்டுப் பக்கத்தில் மட்டும் இந்தச் சொல் பதக்கத்தோடு வருகிறது: கலப்புத் தொடரோட்டம். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், ஆளுக்கு 400 மீட்டர், கைமாறும் ஒரு பேட்டன்.

2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்காக இந்த ஓட்டத்தை ஓடியவர்கள் முகமது அஜ்மல், வித்யா ராம்ராஜ், ராஜேஷ் ரமேஷ், சுபா வெங்கடேசன். நால்வரில் மூவர் தமிழ்நாட்டுக்காரர்கள். நேரம் 3 நிமிடம் 14.34 விநாடி, அன்றைக்கு அது தேசியச் சாதனை. மூன்றாவதாக வந்தார்கள். முன்னால் வந்த இலங்கை அணி தடம் மாறியதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட, வெள்ளி கிடைத்தது. கோவைப் பெண்ணான வித்யா அதே நாளில் 400 மீட்டர் தடையோட்டத் தகுதிச் சுற்றில் 55.42 விநாடியில் ஓடி, பி.டி. உஷா 1984இல் வைத்த தேசியச் சாதனையைச் சமன் செய்திருந்தார். முப்பத்தொன்பது ஆண்டு நின்ற எண் அது. அதைத் தொட்ட கால்களோடுதான் அதே நாளில் தொடரோட்டத்தின் இரண்டாம் சுற்றையும் ஓடினார்.

இந்த ஓட்டத்தைப் பற்றி எழுத எனக்குக் காரணம் பதக்கம் அல்ல. 'சமம்' என்ற சொல்லை வகுப்பில் பல ஆண்டுகளாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். விளக்க விளக்க அது நழுவிக்கொண்டே போகிறது. இந்த ஓட்டத்தில் அது கொஞ்சம் கையில் சிக்குகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். முடிவில் களைத்துப்போனார்கள் என்பதைக் காட்டி, அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். திரும்பி வர 1960 ஆயிற்று. (களைத்து விழும் ஆணுக்கு வீரன் என்று பெயர்.) பெண்களுக்கு 400 மீட்டர் 1964இல் வந்தது. பெண்கள் 4 × 400 தொடரோட்டம் 1972இல். ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஓடும் 4 × 400 தொடரோட்டம் ஒலிம்பிக்குக்கு வந்தது டோக்கியோவில், 2021இல்.

வந்ததும் ஒரு சிக்கல் கூடவே வந்தது. 400 மீட்டரில் ஆண்கள் உலகச் சாதனை 43.03 விநாடி, பெண்கள் சாதனை 47.60. தடத்தில் அந்த இடைவெளி ஏறக்குறைய நாற்பது மீட்டர். யார் எந்தச் சுற்றை ஓடுவது என்பது முதலில் அணிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. 2019 தோஹா உலகப் போட்டி இறுதியில் போலந்து தன் இரண்டு ஆண்களையும் முதலில் ஓடவிட்டது. பெரிய முன்னிலை கிடைத்தது. பிறகு இரண்டு பெண்கள். கடைசிச் சுற்றில் யுஸ்டினா ஸ்வியென்டி முன்னால் ஓட, பின்னாலிருந்து மற்ற நாட்டு ஆண்கள் துரத்திக்கொண்டு வந்தார்கள். அமெரிக்காவின் மைக்கேல் செரி அவரைக் கடந்துபோனார். இன்னும் சிலர் கடந்தார்கள். போலந்துக்கு ஐந்தாம் இடம்.

அந்தக் காட்சியை என் மாணவிகளுக்குக் கைப்பேசியில் காட்டினேன். ஒருத்தி பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தெருவில நடக்கிற மாதிரியே இருக்கும்மா" என்றாள். ஒரு பெண் தனியாக முன்னால், பின்னால் ஆண்களின் காலடிச் சத்தம். விளையாட்டு என்று தெரிந்தும் உடம்புக்கு அந்தச் சத்தம் வேறொன்றாகத்தான் கேட்கிறது.

2022 உலகப் போட்டிக்குள் வரிசையை நிலையாக்கிவிட்டார்கள்: ஆண், பெண், ஆண், பெண். இப்போது ஒவ்வொரு சுற்றிலும் பெண்ணோடு பெண் ஓடுகிறாள், ஆணோடு ஆண். துரத்தும் காட்சி போய்விட்டது. "அப்படின்னா நம்மளப் பாதுகாக்கிறாங்களா, மறைக்கிறாங்களா?" என்று கேட்டாள் இன்னொருத்தி. நல்ல கேள்வி. எங்கள் ஊரிலும் பெண்கள் பாதுகாப்பு என்று சொல்லித்தான் விடுதிக் கதவை மாலை ஆறு மணிக்குப் பூட்டுகிறார்கள்.

ஆனாலும் இந்த விதியின் பக்கம்தான் நான் நிற்கிறேன். பழைய வரிசையில் ஸ்வியென்டி எவ்வளவு நன்றாக ஓடினார் என்பது யாருக்கும் தெரியவில்லை. அவர் கடக்கப்பட்டார் என்பது மட்டும் தெரிந்தது. கேமராவுக்கு உடல்கள்தான் தெரியும், உழைப்பு தெரியாது. சமம் என்பது எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துவதல்ல. அவரவர் செய்தது அவரவர் செய்ததாகத் தெரியும்படி வைப்பது. நிலையான வரிசையில் இரண்டாம் சுற்றை ஓடும் வித்யா எத்தனை பேரைக் கடந்தார், எத்தனை பேரிடம் இடம் விட்டார் என்று யாரும் பார்க்கலாம். அதற்கு அவரே பொறுப்பு, பெருமையும் அவருக்கே.

பாதுகாப்பிலிருந்து இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. விடுதிக் கதவு பூட்டப்பட்டால் உள்ளே இருப்பவள் செய்யக்கூடியவை குறைகின்றன. இந்த விதி வந்த பிறகு பெண் செய்யக்கூடியது கூடியிருக்கிறது: கடைசிச் சுற்று எப்போதும் பெண்ணுடையது. டோக்கியோவில் இந்திய அணி ஓடிய வரிசை முகமது அனஸ், ரேவதி வீரமணி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். முன்னும் பின்னும் ஆண்கள், நடுவில் பெண்கள். கிரிவலம் போகும் குடும்பங்கள் கூட்டத்தில் இப்படித்தான் நடக்கும். (தங்கம் வென்ற போலந்தும் அந்த வரிசையில்தான் ஓடியது என்பதால் பயிற்சியாளர்களைக் குறை சொல்ல முடியாது.) அதே சுபா 2023 பாங்காக் ஆசியப் போட்டியிலும், ஹாங்சோவிலும், 2024 பாங்காக் ஆசியத் தொடரோட்டப் போட்டியிலும், 2025 குமி ஆசியப் போட்டியிலும் கடைசிச் சுற்றை ஓடி முடித்தார். நான்கில் மூன்று தங்கம். கோட்டைத் தாண்டும் படம் நான்கிலும் திருச்சிப் பெண்ணுடையது. பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஃபெம்கே போல் நான்காவதாக பேட்டனை வாங்கி முதலாவதாக முடித்தார். பழைய வரிசையில் அவரை நடுவில் எங்காவது வைத்திருப்பார்கள்.

ஒரு மனத்தாங்கல் மிச்சம் இருக்கிறது. தொடங்குவது எப்போதும் ஆண். பனிப்பகுதி நாடுகளில் பயத்லான் என்று ஒரு விளையாட்டு உண்டு. சறுக்குக் கட்டையில் ஓடி, நடுநடுவே நின்று துப்பாக்கியால் குறி சுட வேண்டும். அதன் கலப்புத் தொடரோட்டம் 2014 சோச்சி ஒலிம்பிக்கில் அறிமுகமானபோது பெண்கள்தான் முதலில் ஓடினார்கள். 2021 உலகப் போட்டியில் ஆண்கள் முதலில். மாற்றி மாற்றி வைக்க முடிகிறது. சோச்சியில் பெண்ணுக்கு 6 கிலோமீட்டர், ஆணுக்கு 7.5 என்று இருந்த தூரம்கூட 2022 பெய்ஜிங்கில் எல்லோருக்கும் 6 என்று ஆகிவிட்டது. தடகளத்திலும் ஒரு முறை பெண், ஆண், பெண், ஆண் என்று வைத்துப் பார்த்தால் என்ன குடி முழுகிப்போகும்?

கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடரோட்டத்தின் அழகு எனக்கு அங்கேதான் இருக்கிறது. நான்கு பேரின் நேரமும் ஒரே கூட்டுத்தொகை. பெண் மிச்சப்படுத்தும் ஒரு விநாடியும் ஆண் மிச்சப்படுத்தும் ஒரு விநாடியும் ஒரே எடை. பெண் விநாடி பாதி விலை என்று கடிகாரம் சொல்வதில்லை. அதனால் பெண்களுக்குப் பயிற்சியில் குறை வைக்கும் நாடு கலப்பு அணியில் தோற்கும். இந்தியாவில் கணக்கு இன்னும் வேடிக்கையானது. 2002 முதல் 2018 வரை ஐந்து ஆசிய விளையாட்டுகளில் தொடர்ந்து 4 × 400 தங்கம் வென்றது பெண்கள் அணி. கலப்பு அணியில் பெண்கள் 'சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள்' என்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சேர்த்துக்கொள்வது என்றதும் எங்கள் ஊர்க் கோயில் நினைவுக்கு வருகிறது. கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு, 2668 அடி மலைமீது தீபம் ஏற்றுவதற்குச் சற்று முன், அர்த்தநாரீசுவரர் ஆடியபடி வெளியே வருவார். சில நிமிடம்தான். ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கும் அந்தச் சில நிமிடத்துக்காக லட்சக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள். உமை இங்கே தவம் இருந்து இடப்பாகம் பெற்றாள் என்பது தலபுராணம். தவம் இருந்தவள் அவள், கொடுத்தவன் அவன். தமிழ்ப் பெயர்களைப் பாருங்கள்: மாதொருபாகன், உமையொருபாகன். மாது ஒரு பாகம். பெயரின் விகுதி ஆண்பால். பாதி பாதி என்று சிற்பம் சொல்வதை இலக்கணம் ஒப்புக்கொள்ளவில்லை. முழுமை அவன், பாகம் அவள். 'ஆணொருபாகி' என்று எந்தப் புலவரும் பாடி நான் படித்ததில்லை.

பிருங்கி முனிவர் கதையும் இங்கே சொல்லப்படுவதுதான். சிவனை மட்டுமே வலம் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தவர். இருவரும் ஒட்டி அமர்ந்தால் வண்டாகி நடுவே துளைத்துக்கொண்டு போனவர். தேவி தன் பங்கான தசையையும் குருதியையும் அவர் உடலிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டாள். நிற்க முடியாமல் போனவருக்குச் சிவன் மூன்றாவது கால் கொடுத்தார். மாணவிகளுக்கு மிகவும் பிடித்த கதை இது. எனக்கு அதில் பிடித்தது கோபம் அல்ல, கணக்கு. உன் உடம்பில் என் பங்கு எவ்வளவு என்று எடுத்துக் காட்டிவிட்டாள். தொடரோட்டத்தில் கடிகாரம் செய்வது அதைத்தான். இரண்டு சம்பளம் வரும் வீடுகளில் அப்படி ஒரு கடிகாரம் இல்லை. அங்கே அவள் சுற்று காலை ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. அவன் "உதவி" செய்கிறான்.

டோக்கியோ அணிக்கு வருகிறேன். அவர்கள் 3 நிமிடம் 19.93 விநாடியில் ஓடித் தகுதிச் சுற்றில் கடைசியாக வந்தார்கள். ஆனால் அந்த அணிக்குத் தேர்வான மூன்று பெண்களும், ரேவதி, சுபா, தனலட்சுமி சேகர், தமிழ்நாட்டினர். ரேவதி மதுரை சக்கிமங்கலத்துப் பெண். சிறு வயதில் பெற்றோரை இழந்தவர். வளர்த்தது கூலி வேலைக்குப் போன பாட்டி ஆரம்மாள். பயிற்சியாளர் கண்ணன் வந்து கேட்டபோது பாட்டி முதலில் மறுத்தார், பிறகு இணங்கினார். பெண்பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் ஓடவிடுகிறாயே என்று உறவினர்கள் கேட்டதைப் பொருட்படுத்தவில்லை. ரேவதி பல காலம் வெறுங்காலில் ஓடினார். நான்கு பேர் அணி என்கிறோம். ரேவதி கைக்கு அந்தப் பேட்டன் அனஸிடமிருந்து மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கிரிவலப் பாதையில் விடிகாலையில் பெண்கள் ஓடுவதை இப்போது பார்க்கலாம். பெரும்பாலும் காவலர் தேர்வுக்காக. அந்தத் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர், ஏழு நிமிடம். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டு நிமிடம் முப்பது விநாடி. சுபா ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடும் தூரம். பெண்ணிடம் எவ்வளவு குறைவாக எதிர்பார்க்கலாம் என்பதற்கும் ஒரு அரசாணை இருக்கிறது. ஆனால் அந்த 400 மீட்டரைச் சாக்காக வைத்துத்தான் பல வீடுகளில் ஐந்து மணிக்குக் கதவு திறக்கிறது. அதனால் நான் அதிகம் பேசுவதில்லை.

குமியில் தங்கம் வென்ற அணியில் விஷால் என்றொருவர் இருக்கிறார். முதலெழுத்து டி.கே. முடிவுப் பட்டியலில் விரித்து எழுதியிருந்தார்கள்: தென்னரசு கயல்விழி. அப்பன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெண் பெயரும் ஏறியிருக்கும் அந்த முதலெழுத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். ஒரு மணி நேர வகுப்பு அதிலேயே போய்விட்டது.

இனி கடினமான பகுதி. இரண்டு ஆண், இரண்டு பெண் என்று எண்ணத் தொடங்கினால், யார் பெண் என்று கேட்பதும் தொடங்கும். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை செய்து பதக்கத்தைப் பறித்தார்கள். பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவரிடம், ஓடி முடித்த பிறகு நீ பெண் இல்லை என்றார்கள். அதை உலகமே செய்தியாகப் படித்தது. சில நிமிடம் ஆடிவரும் இருபாலுருவுக்குக் கை கூப்பும் நாட்டில், அந்தப் பெண்ணுக்காகக் குரல் கொடுத்தவர்கள் குறைவு.

போட்டியில் நியாயம் வேண்டும் என்கிறவர்களின் வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. பெண்கள் பிரிவு என்று ஒன்று இல்லாவிட்டால் அந்த நாற்பது மீட்டர் இடைவெளியில் சுபாவும் வித்யாவும் காணாமல் போவார்கள். எல்லை வேண்டும்தான். எல்லையில் யாரை நிறுத்திச் சோதிக்கிறோம், எப்படி, எத்தனை பேர் முன்னால் என்பதுதான் என் கேள்வி. 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகள அமைப்பு, பெண்கள் பிரிவில் சர்வதேசத் தரவரிசைப் போட்டிகளில் ஓட விரும்புகிறவர்கள் எஸ்.ஆர்.ஒய். மரபணுச் சோதனையை வாழ்நாளில் ஒரு முறை செய்துகொள்ள வேண்டும் என்று விதித்திருக்கிறது. தொடரோட்ட வரிசையில் இரண்டாவதாகவும் நான்காவதாகவும் நிற்பவர்கள் கன்னத்தின் உட்புறத்திலிருந்து மாதிரியோ, சொட்டு ரத்தமோ கொடுக்க வேண்டும். முதலாவதாகவும் மூன்றாவதாகவும் நிற்பவர்களிடம், நீ ஆண்தானா என்று யாரும் கேட்பதில்லை.